அண்ணி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறார், முற்பணம் வாங்கலாமா?

மலையருவி (ஹட்டன்)

வணக்கம். இந்தப் பக்கத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு வேறு இடம் தெரியவில்லை.

நாங்கள் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தாத்தா காலத்து லயக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை). அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் (ஒன்பது வயது, நாலு வயது), நான். அண்ணி கொழுந்து எடுக்கிறார். 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று ஆனது. ஆனால் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்) போடுவார்கள், மழை மாதத்தில் வேலை நாளும் குறையும். அடுத்த வருடமே மாவு, காஸ், மண்ணெண்ணெய் எல்லாம் ஏறியபோது அந்த ஆயிரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அப்போது எடுத்த குழுக்கடன் இரண்டு இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆனால் கடன் வசூலிக்கும் பையன் மோட்டார் சைக்கிளில் லயத்து வாசலுக்கே வந்துவிடுவான்.

போன மாதம் டவுனிலிருந்து ஒருவர் வந்தார். சவூதியில் வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், மாதம் ஆயிரம் ரியாலுக்கு மேல் என்றார். நாங்கள் ஒரு சதமும் கட்ட வேண்டாமாம். போவதற்கு முன்பே மூன்றரை லட்சம் ரூபாய் அவர்களே கையில் தருவார்களாம். அந்தத் தொகையைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்கு வேறு பேச்சே இல்லை. கடன் எல்லாம் ஒரே நாளில் முடியும் என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்தான் ஏஜென்சிக்குக் காசு கட்டுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஏஜென்சி ஏன் நமக்குக் காசு கொடுக்கிறது?

ரியாத் டிரைவர் (ராமநாதபுரம்)

தங்கச்சி, நான் இங்கே ஒரு வீட்டில் டிரைவர், ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

ஒரு பணிப்பெண்ணை வரவழைக்கச் சவூதிக் குடும்பம் இங்கே உள்ள ஆபீசுக்குப் பெரிய தொகை கட்டுகிறது. எங்கள் வீட்டுக்குக் கடைசியாக இலங்கையிலிருந்து ஒருவர் வந்தபோது பதின்மூன்றாயிரம் ரியாலுக்கு மேல் கட்டியதாக முதலாளியே என்னிடம் சொன்னார். அதில் ஒரு பங்கு கொழும்புக்குப் போகும், அங்கிருந்து ஒரு பங்கு ஊரில் ஆள் பிடிக்கிறவருக்குப் போகும். உங்கள் அண்ணன் கைக்கு வரப்போகும் மூன்றரை லட்சமும் அதிலிருந்து வருவதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் 90 நாள் சோதனைக் காலம். அதற்குள் அந்தப் பெண் வேலை செய்ய மாட்டேன் என்றால் ஆபீஸ் பணத்தைத் திருப்ப வேண்டும், இல்லை என்றால் வேறு ஆள் தர வேண்டும். அதனால் அந்த 90 நாளுக்குள் 'என்னை ஊருக்கு அனுப்புங்கள்' என்று அவர் அழுதால் காதுகொடுக்க ஆள் இருக்காது. ஆபீசில் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டு நாள் ஓர் அறையில் வைத்துப் பேசுவார்கள். அப்புறம் ஊரில் உள்ள கணவனுக்குப் போன் போட்டுக் கையில் கொடுப்பார்கள். கணவன் என்ன சொல்வார்? வாங்கிய காசு செலவாகிவிட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பார்.

அப்படி ஒரு பெண்ணை ஆபீசிலிருந்து திரும்ப அதே வீட்டுக்கு நானே வண்டியில் கூட்டி வந்திருக்கிறேன். நாற்பது நிமிட வழி. பின் சீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

தோணிக்கரை (கிண்ணியா)

மகள், டிரைவர் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. நான் குவைத்தில் பதினொரு வருடம் இருந்தேன், 1998 முதல் 2009 வரை, மூன்று வீடுகள். எனக்கு இப்போது வயது 58. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் காலத்தில் நாங்கள்தான் காசு கட்டினோம். என் இரண்டு காப்பையும் அடகு வைத்தேன். அது கஷ்டம்தான். ஆனாலும் அது என்னுடைய காப்பு. திரும்பி வந்திருந்தால் காப்பு போயிருக்கும், வேறு யாரும் வந்து என் உம்மாவிடம் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது தருகிற முற்பணம் அப்படி இல்லை. வேலைக்குப் போகிறவள் பெண், காசு வாங்குகிறவர் வீட்டு ஆண், திரும்பி வந்தால் கட்ட வேண்டியது குடும்பம் முழுவதும். எங்கள் பக்கத்து வளவுப் பிள்ளை ஒன்று நாலு மாதத்தில் முதுகில் அடி வாங்கி வந்தது. அது வந்து சேர்ந்த அன்று இரவே ஆள் பிடித்தவன் வாசலில் நின்று வாங்கிய காசையும் டிக்கெட் காசையும் சேர்த்துக் கேட்டான். அதன் மாமியார் அந்தப் பிள்ளையைத்தான் ஏசினார்.

முதல் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று மாடி, பத்துப் பேர். ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், அதன் பிறகு தரை. அங்கே எல்லாம் மாபிள் தரை, தினம் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ள வேண்டும். குளியலறைகளுக்குக் கிளோரக்ஸ் (ப்ளீச்). மேடம் அதோடு இன்னொரு மருந்தையும் கலக்கச் சொல்வார். கதவைச் சாத்திக்கொண்டு கழுவும்போது மூச்சு அடைக்கும், கண் எரியும். கலக்கினால் நச்சுப் புகை வரும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். உங்கள் அண்ணியிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்: கிளோரக்ஸை எதோடும் கலக்கக் கூடாது, கழுவும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

நோன்பு மாதம் தனிக் கதை. பகல் முழுக்கச் சமையல், நோன்பு திறந்ததும் விருந்தாளிகள், இரவு இரண்டு மணி வரை பாத்திரம், திரும்ப ஸஹர் சாப்பாடு. நானும் நோன்பு பிடித்துக்கொண்டுதான் அதைச் செய்தேன். ஒரு நாள் படிக்கட்டில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.

அந்த வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை. ஆனால் ஐந்து மாதம் சம்பளம் தரவில்லை. கேட்டால் 'என்னிடம் பத்திரமாக இருக்கிறது, போகும்போது மொத்தமாக வாங்கு' என்பார். 35 தினார் மாதச் சம்பளம். ஊரில் பிள்ளைகள் பள்ளிக்குச் சப்பாத்து இல்லாமல் போனார்கள், என் காசு அவர் அலுமாரியில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக வைக்கிறோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம் மகள்.

இரண்டாவது வீடு அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வயதான மாமா (வீட்டுக்காரப் பெண்ணை அங்கே நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம்). மாதம் முடிகிற நாளில் கவரில் போட்டுச் சம்பளம் தருவார். மச்பூஸ் சமைக்கக் கற்றுத் தந்தவர் அவர்தான். என் உம்மா மௌத்தானபோது டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பினார், ஒரு மாதச் சம்பளத்தையும் வெட்டவில்லை. ஆறு வருடம் அந்த வீட்டில்தான் இருந்தேன். இன்று நான் இருக்கும் கல்வீடு அந்தக் காசு. வீடு நல்லதாக அமைவது அதிர்ஷ்டம் மாதிரி. அமையாவிட்டால் எழும்பி வர முடியுமா என்பதுதான் விஷயம். முற்பணம் வாங்கினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்று, இதைப் பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் இடத்தில் சொல்ல வேண்டும், ஆனாலும் எழுதுகிறேன். போகும் முன் மெடிக்கல் எடுக்கக் கூட்டிப் போவார்கள். அங்கேயோ ஏஜென்சி ஆள் கூட்டிப்போகும் வேறு இடத்திலோ ஊசி போட வந்தால் என்ன ஊசி என்று கேட்க வேண்டும். என்னோடு வந்தவர்களுக்குச் சொல்லாமலே மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டார்கள். சத்து ஊசி என்று நினைத்தோம். கேட்கிற உரிமை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் இருக்கிறது.

மலையருவி (ஹட்டன்)

அக்கா, இரண்டு தடவை வாசித்தேன். கிளோரக்ஸ் விஷயத்தை அண்ணியிடம் உடனே சொன்னேன். ஊசி விஷயம் கேட்டு அம்மா அழுதுவிட்டார்.

பண்டாரவளை ஆசிரியர்

இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. நான் தோட்டப் பாடசாலையில் 22 வருடம் படிப்பிக்கிறேன். இப்போது என் வகுப்பில் ஏழு பிள்ளைகளின் தாய்மார் வெளிநாட்டில். இரண்டு பேர் அடிக்கடி வருவதில்லை. ஒரு பெண்பிள்ளை தம்பிக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் வருகிறாள், பத்து வயது. தாய் அனுப்பும் காசில் தகப்பன் என்ன செய்கிறார் என்று ஊருக்கே தெரியும்.

2013இல் நல்ல விதி ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும், சவூதிக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 2022இல் பொருளாதாரம் விழுந்ததும் அதைத் தளர்த்தினார்கள், இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அறிக்கையே தேவையில்லை, 21 வயது போதும். அந்த ஒரே வருடத்தில் ஆணும் பெண்ணுமாக 3 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். நாட்டுக்கு டொலர் வேண்டும், அதற்காகத் தாய்மாரை அனுப்புகிறோம். சகோதரி, உங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. பழைய விதி இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அண்ணியை அனுப்பாதீர்கள். உழைக்க அண்ணன் இருக்கிறார்தானே?

கசெட் (வத்தளை)

சேர், உங்கள் அக்கறை புரிகிறது. உங்கள் வகுப்பில் இருக்கும் ஏழு பிள்ளைகள் மாதிரித்தான் நானும். அம்மா 1994இல் போனபோது எனக்கு நாலு வயது. அந்தக் காலத்தில் வெளிநாடு போனவர்களில் நாலில் மூன்று பங்குக்கு அருகே பெண்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்து அம்மாமார் இல்லை.

அப்போது போன் இல்லை. யாராவது லீவில் வந்தால் அம்மா கசெட் ஒன்று பேசிக் கொடுத்துவிடுவார். ஒரு பக்கம் எங்களுக்கு, மறுபக்கம் அப்பாவுக்கு. பின்னால் அரபு டிவிச் சத்தம் கேட்கும். அம்மா குரலைத் தாழ்த்திப் பேசுவார், வீட்டுக்காரர் எழும்பிவிடக் கூடாதே என்று. சாப்பிட்டியா, பாட்டி சொல்வதைக் கேள், மழையில் நனையாதே. அதை நான் தேய்ந்துபோகும் வரை கேட்டேன். பிறகு ஒரு நாள் போட்டுப் பார்த்தால் சினிமாப் பாட்டு ஓடுகிறது. அப்பா அதன் மேல் பதிந்துவிட்டார். வெற்றுக் கசெட் வாங்கக் காசு இல்லை என்றார். அந்த மாதம் அம்மா அனுப்பிய காசில் அவர் என்ன செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதனால் சொல்கிறேன். 2013 விதி தகப்பனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளை சின்னது என்று தாயைத்தான் மறித்தது. ஆண் போனால் அறிக்கை இல்லை. மறித்ததும் பெண்கள் போகாமல் இருந்தார்களா? பிள்ளையை மறைத்துப் பத்திரம் எழுதினார்கள், விசிட் விசாவில் டுபாய்க்குப் போனார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவில்லாமல் போனால் காப்புறுதியும் இல்லை, தூதரகத்துக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது. 2022 நவம்பரில் ஓமானில் நம் பெண்கள் மாட்டிக்கொண்ட செய்தி வந்ததே, அவர்களில் பலர் அப்படி விசிட் விசாவில் கொண்டுபோகப்பட்டவர்கள்தான்.

அம்மா போனது எனக்குக் கோபமில்லை சேர். அவர் காசு எங்கே போனது என்பதுதான் கோபம்.

தோணிக்கரை (கிண்ணியா)

மகன், வயிற்றைக் கலக்கிவிட்டீர்கள். நானும் கசெட் பேசி அனுப்பினவள்தான்.

ஆசிரியர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த 2013 ஜனவரி 9ஆம் தேதியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மூதூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். ரிசானா நபீக் 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது பிள்ளைக்கு 17 வயது, பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள். போய்ச் சில வாரத்தில் அவர் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு நாலு மாதக் குழந்தை இறந்துபோனது. கொலை என்றார்கள். விசாரணையில் சரியான மொழிபெயர்ப்பு இல்லை. வயதைக் காட்ட ஊரிலிருந்து பிறப்புப் பத்திரம் கொண்டுபோனால், கையில் இருந்த பாஸ்போர்ட் வேறு சொன்னது. ஏழு வருடம் சிறையில் வைத்து அன்றைக்கு வாளால் வெட்டினார்கள். அன்று எங்கள் ஊரில் அடுப்பு எரியவில்லை.

அதனால் மகள், பத்திரத்தில் ஒரு பொய்கூட வேண்டாம். பெயர், வயது, பிள்ளைகள் எண்ணிக்கை, எதிலும் வேண்டாம். ஏஜென்சிக்காரன் 'இது சும்மா ஒரு ஃபார்ம்' என்பான்.

தென்பெண்ணை (விழுப்புரம்)

தமிழ்நாட்டிலும் இதே கதைதான், வழி மட்டும் வேறு. இங்கே பத்தாவது முடிக்காதவர்களுக்கு ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். அந்தப் பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடியேற்ற அனுமதி வேண்டும், பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், வீட்டு வேலைக்கு அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகத்தான் போகலாம். தமிழ்நாட்டில் 1978 முதல் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அதில் ஒன்று. காகிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது.

என் சின்னம்மா 2019இல் 27 வயதில் குவைத் போனார். அவரைக் கணவர் விட்டுவிட்டுப் போயிருந்தார், ஒரு பெண் குழந்தை. 30 வயது வரை காத்திரு என்று வயிற்றிடம் சொல்ல முடியுமா? ஊரில் ஒருவர் டூரிஸ்ட் விசா எடுத்துக் கொடுத்தார். விமான நிலையத்தில் யாராவது கேட்டால் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லச் சொன்னார். இப்படிப் போனவருக்குப் பிறகு எந்தப் பதிவிலும் பெயர் இல்லை. எட்டு மாதம் கழித்துச் சம்பளம் கேட்டபோது, 'நீ வேலைக்கு வந்தவளே இல்லையே, சுற்றிப் பார்க்க வந்தவள்' என்று அந்த வீட்டுக்காரர் சொன்னாராம். கொரோனா நேரத்துச் சிறப்பு விமானத்தில்தான் திரும்பி வந்தார். கையில் ஒரு கைப்பை.

மலையருவி, உங்கள் அண்ணிக்கு வருகிற விசா வேலை விசாதானா என்பதை முதலில் பாருங்கள்.

ஆதிரை (வவுனியா)

சட்டம் படிக்கிறேன், இறுதி வருடம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டு வேலை செய்கிறவர்களை வளைகுடா நாடுகளில் பொதுத் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியேதான் வெகுகாலம் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு உள்ள நேரக் கணக்கு வீட்டுக்குள் வேலை செய்கிறவருக்கு இல்லை. குவைத் 2015இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது: நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருடம் 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அடுத்த வருடம் 60 தினார் குறைந்தபட்சச் சம்பளம் என்றும் ஆனது. தோணிக்கரை அக்காவின் 35 தினாரை நினைத்துப் பாருங்கள். சவூதியிலும் வீட்டுப் பணியாளர்களுக்கான புதிய விதிகள் 2024இல் நடைமுறைக்கு வந்தன, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. புது ஒப்பந்தங்களுக்குச் சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் மின்வழியாகத்தான் செலுத்த வேண்டும் என்பதும் அதே வருடம் தொடங்கியது. இது பெரிய விஷயம், ஏனென்றால் தரவில்லை என்றால் அது பதிவில் தெரியும்.

ஆனால் பூட்டிய வீட்டுக்குள் சட்டம் தானாக நடக்காது. சட்டம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், சொல்ல ஒரு போன் வேண்டும். ஆகவே:

ஏஜென்சியின் உரிம எண்ணை வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். ஊருக்கு வருகிறவரிடம் உரிமம் இருக்காது, அவர் யாருக்காக ஆள் பிடிக்கிறார் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏற வேண்டாம். ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா மூன்றையும் படம் எடுத்து உங்கள் போனிலும் வைத்திருங்கள். பணியகத்தின் 1989 எண்ணையும் ரியாத் தூதரக எண்ணையும் அவர் மனப்பாடம் செய்ய வேண்டும், போனைப் பறித்தாலும் எண் தலைக்குள் இருக்கும். சம்பளம் வந்து விழும் வங்கிக் கணக்கு அவர் பெயரில், அவர் பெயரில் மட்டும்.

கடைசியாக ஒன்று, தவறாக எடுக்காதீர்கள். அண்ணன் என்ன சொல்கிறார், அம்மா என்ன சொல்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது எல்லாம் இந்த இழையில் இருக்கிறது. ஆசிரியர் அனுப்பாதீர்கள் என்கிறார். உங்கள் அண்ணி என்ன சொல்கிறார்?

மலையருவி (ஹட்டன்)

ஆதிரை, உங்கள் கடைசிக் கேள்வியை வாசித்துவிட்டு நேற்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையில் நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் மலையிலிருந்து வருவார், சமைப்பார், பிள்ளைகளைப் படுக்க வைப்பார். நாங்கள் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

நேற்று இரவு பீலிக்கரையில் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். அப்போதுதான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அண்ணன் ஏற்கனவே ஒரு லட்சம் வாங்கிவிட்டார். பத்து நாளாகிறது. குழுக்கடன் ஒன்றை அதில் அடைத்திருக்கிறார். அண்ணிக்குத் தெரியும், எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியாது.

அண்ணியிடம் போனைக் கொடுக்கிறேன். இதற்குக் கீழே அவரே எழுதுவார். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சொன்னார், அதை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

மலையருவி (ஹட்டன்), அண்ணி எழுதுகிறேன்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். என் நங்கை (கணவரின் தங்கை) வாசித்துக் காட்டினாள், எல்லாம் கேட்டேன்.

எனக்குப் போக விருப்பம். யாரும் என்னைத் தள்ளவில்லை. எங்களுக்கு 7 பேர்ச் காணி காட்டியிருக்கிறார்கள், வெறும் மண். அதில் இரண்டு அறையும் ஒரு கக்கூசும் கட்ட வேண்டும். லயத்தில் மகள் உடுப்பு மாற்றுவதற்கு ஒரு மறைவு இல்லை, அவளுக்கு ஒன்பது வயது. கொழுந்து எடுத்து அதைக் கட்ட என் ஆயுள் போதாது. ஆசிரியர் ஐயா சொன்னது மனதில் குத்தியது. சின்னவனை விட்டுப் போவதை நினைத்தால் இரவில் தூக்கம் வராது. அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் அந்தக் காசு வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தபோது என்னை விற்ற மாதிரி இருந்தது. அப்படி அவரிடம் சொல்லவில்லை. டிரைவர் அண்ணன் எழுதியதைக் கேட்டபோது, அந்தப் பின் சீட்டில் நான் இருக்கிற மாதிரி இருந்தது.

காசு வாங்காமல் போக வழி இருக்கிறதா? போய்ப் பிடிக்கவில்லை என்றால் வா என்று சொல்ல வீட்டில் ஒரு வாய் வேண்டும். காசு வாங்கினால் அந்த வாய் இருக்காது.

ஆதிரை (வவுனியா)

வழி இருக்கிறது அக்கா. முற்பணம் சட்டம் கேட்கிற ஒன்று இல்லை, ஆள் சேர்க்க அவர்கள் போடுகிற தூண்டில். வாங்காமலும் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய ஒரு லட்சத்துக்கு எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? போட்ட காகிதத்தின் படம் இருந்தால் எனக்குத் தனியே அனுப்புங்கள். திருப்பிக் கொடுத்தால் எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள். 'செலவு' என்று கூடுதலாகக் கேட்டால் பணியகத்தில் முறைப்பாடு செய்வோம் என்று சொல்லுங்கள்.

பண்டாரவளை ஆசிரியர்

தங்கையே, உங்கள் எழுத்தைப் படித்தேன். அனுப்பாதீர்கள் என்று உங்களிடம் கேட்காமலே எழுதியதற்கு வருந்துகிறேன். மகள் எந்தப் பாடசாலை என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். ஹட்டன் பக்கத்தில் என்னோடு படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிள்ளை வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். அதை என்னால் செய்ய முடியும்.

மலையருவி (ஹட்டன்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஒரு லட்சத்தைத் திருப்பிவிட்டோம். அம்மாவின் தோடு அடகில், என் சீட்டுக் காசும் சேர்ந்தது. அந்த ஆள் ஒன்றரை லட்சம் கேட்டார், ஆதிரை சொன்னபடி முறைப்பாடு என்றதும் ஒரு லட்சத்தோடு நின்றார். எழுதி வாங்கினோம். அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு அவரே அண்ணியை வங்கிக்குக் கூட்டிப்போய்க் கணக்குத் திறந்து வைத்தார், அட்டை அண்ணியிடம்தான் இருக்கிறது. அண்ணனுக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

வேறு ஓர் ஏஜென்சி, உரிமம் சரிபார்த்தோம். சவூதிதான், ரியாத். முற்பணம் இல்லை. குழுக்கடன் அப்படியே இருக்கிறது, அதோடு அம்மாவின் தோடும். பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஜனவரியில் பயணம். 1989ஐயும் தூதரக எண்ணையும் சின்னவன்கூடச் சொல்கிறான், அவ்வளவு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

அண்ணி கேட்கிறார்: அரபியில் அவசரத்துக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

தோணிக்கரை (கிண்ணியா)

அல்ஹம்துலில்லாஹ். நல்ல காரியம் செய்தீர்கள்.

பயிற்சியில் சட்டி, பானை, துடைப்பத்துக்கு எல்லாம் அரபு சொல்லித் தருவார்கள். இவற்றைச் சொல்லித் தருவார்களோ தெரியாது, எழுதிக்கொள்ளுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்பதற்கு 'அனா தஅபானா'. ஆஸ்பத்திரி 'முஸ்தஷ்ஃபா'. சம்பளம் 'ராத்திப்'. பாஸ்போர்ட் 'ஜவாஸ்'. லீவு 'இஜாஸா'. தூதரகம் 'ஸஃபாரா'. விளங்கவில்லை என்றால் 'மா அஃப்ஹம்', இதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது. விளங்காமல் தலையாட்டித்தான் நான் முதல் மாதம் முழுக்க ஏச்சு வாங்கினேன். மெதுவாகச் சொல்லுங்கள் என்பதற்கு 'ஷ்வய் ஷ்வய்'.

ரியாத் டிரைவர் (ராமநாதபுரம்)

ஏதாவது நெருக்கடி வந்து வெளியே வர நேர்ந்தால், 'வேறு வீட்டில் அதிகச் சம்பளம் வாங்கித் தருகிறேன்' என்கிறவன் தமிழனாக இருந்தாலும் அவனோடு போகாதீர்கள் அண்ணி. ஓடிவிட்டதாக முதலாளி 'ஹுரூப்' போட்டுவிட்டால் ஊருக்குத் திரும்புவதே சிக்கலாகிவிடும். நேரே தூதரகம், அங்கே தங்க இடம் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் 'ஸஃபாரா ஸ்ரீலங்கா' என்று டாக்சிக்காரரிடம் சொன்னால் போதும்.

அப்புறம், ஜனவரியில் இங்கே குளிர். பாலைவனம் என்று நினைத்து வெறும் பருத்தி உடுப்போடு வந்து நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்வெட்டர் ஒன்று எடுத்து வையுங்கள்.

மலையருவி (ஹட்டன்), அண்ணி எழுதுகிறேன்

குளிர் எனக்குப் பழக்கம் அண்ணா, விடியற்காலை மலையில் நிற்கிறவள்தானே.

தோணிக்கரை அக்கா, 'மா அஃப்ஹம்' என்று மகளோடு சொல்லிப் பார்த்தேன். மாபிள் தரை என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே செருப்புப் போட விடுவார்களா?

தோணிக்கரை (கிண்ணியா)

வீட்டுக்குள் போடுவதற்கென்று வேறு செருப்புத் தருவார்கள் மகள். தராவிட்டால் கேளுங்கள். அதுவரைக்கும் தடித்த சொக்ஸ் இரண்டு சோடி கொண்டுபோங்கள், இரவில் கால் விறைக்கும்.